‘உது’ என்று நான் சொன்னது இரும்பை

தம்பி,

பெற்ற மகனுக்கு எழுதும் கடிதத்தைச் சுகம் விசாரித்துத்தான் தொடங்க வேண்டும் என்று, நான் சொல்லச் சொல்ல இதை எழுதுகிற பக்கத்து வளவு ரீச்சர் சொல்கிறார். நான் விசாரிக்கவில்லை. கொழும்பில் கந்தோர் உத்தியோகமும் தலைக்கு மேல் மின்விசிறியும் இருக்கிற உனக்குச் சுகத்துக்கு என்ன குறை. எனக்குத்தான் வெள்ளிக்கிழமையில் இருந்து சோறு இறங்கவில்லை. நோய் வருத்தம் ஒன்றும் இல்லை. அருவருப்பு. வாயில் வைத்த கவளத்தோடு உன் முகம் நினைவுக்கு வருகிறது, துப்பிவிட்டுக் கை கழுவுகிறேன். கடிதத்தை ஒட்டவா என்று ரீச்சர் கேட்டார். ஒட்டுவதற்கு முன் கேட்கிற எல்லோருக்கும் வாசித்துக் காட்டுங்கள் என்று சொல்லியிருக்கிறேன். உன் மாமன் வந்தால் அவனுக்கும்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் அவன்தான் வந்தான். உன் அம்மாவின் தம்பி என்பதற்காகவே அவள் கண்ணை மூடின பிறகும் நான் படலை திறந்துவிட்ட மனிதன். செருப்பைக் கழற்ற முதலே சத்தம் போட்டான்.

“அத்தான், கொடிகாமத்துச் சம்பந்தம் ஒப்பேறியிட்டுது! வீடும் நகையும் பேசினபடி. அதுக்கு மேலை தென்னங்காணியும் எழுதுகினம்.”

“காணியோ? நாங்கள் கேக்கேல்லையே. அது மற்றப் பிள்ளைக்கு எண்டு வைச்சதெல்லோ?”

“நீங்கள்தான் கேட்டனீங்கள்!” என்று தொடையில் அடித்துச் சிரித்தான். “‘சீ’ எண்டு ஒரு சொல்லுச் சொன்னியள் பாருங்கோ. அந்த ஒரு சொல்லு முழுக் காணியையும் வாங்கித் தந்திட்டுது.”

எனக்கு விளங்கவில்லை. அவன் விளங்கப்படுத்தினான். அவன் சொன்னது என்ன என்பதைப் பிறகு சொல்கிறேன். அதற்கு முதல், இதை வாசிக்கிற மற்றவர்களுக்கு அந்தச் ‘சீ’ எங்கே இருந்து வந்தது என்று சொல்ல வேண்டும். உனக்குச் சொல்லத் தேவையில்லை. உனக்கு அது நன்றாகத் தெரியும் என்பதுதான் இந்தக் கடிதமே.

உன்னை என்ன தொழில் செய்து படிப்பித்தேன் என்று கந்தோரில் நீ சொல்லியிருக்க மாட்டாய். ஐம்பத்தாறாம் ஆண்டு தொடங்கினேன். ஒரு சைக்கிள், பின்னால் ஒரு சாக்கு, சாக்குக்குள் ஒரு போத்தல் மண்ணெண்ணெய். கொக்குவிலில் இருந்து நெல்லியடி வரைக்கும், தையல் மெசின் பழுதாகிக் கிடக்கிற வீடு எது என்று விசாரித்துப் போவேன். முழு மெசினும் எனக்குத் தேவையில்லை. உள்ளே இன்னும் உயிரோடு இருக்கிற உருப்படிகள்தான் தேவை. வெளிநாட்டுச் சாமானை அரசாங்கம் மறித்து வைத்திருந்த காலத்தில் யாழ்ப்பாணத்துத் தையல் கடைக்காரர் எல்லோரும் என் சாக்கைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். இப்போது புது மெசின் கப்பல் கப்பலாக வந்து இறங்குகிறது. பழசைக் கொழும்பில் கண்ணாடி அலுமாரிக்குள் வைத்து வெள்ளைக்காரருக்கு விற்கிறார்களாம். துருவைத் துடைக்க வேண்டாம், துரு இருந்தால்தான் மதிப்பு என்று ஒருவன் எனக்கு வந்து சொன்னான். சொறி பிடித்த மாட்டைக் குளிப்பாட்டாமல் கொண்டுவா என்கிற மாதிரி இருந்தது. அவனை அனுப்பிவிட்டேன்.

துருவில் இரண்டு சாதி உண்டு. செங்கல் மாவு போல விரலில் ஒட்டுகிறது ஒன்று. அது மேல்துரு, துடைத்தால் போய்விடும். கறுத்துப் பொருக்கு விட்டுக் கிடக்கிறது மற்றது. அது இரும்பைத் தின்று முடித்துவிட்ட துரு. கண்ணால் மட்டும் பார்த்து இரண்டையும் பிரிக்க முடியாது. சக்கரத்தைப் பிடித்து மெல்ல அசைக்க வேண்டும். கல்லுப் போல நின்றால் விட்டுவிடுவேன். துளி அசைந்து நின்றால், உள்ளே பிடித்திருப்பது துரு இல்லை, பிசின். எங்கள் சனம் மெசினுக்குத் தேங்காயெண்ணெய் விடுகிற சனம். தலைக்கு ஆகிற எண்ணெய் மெசினுக்கு ஆகாதோ என்று என்னோடு சண்டைக்கு வந்த மனுசிமார் உண்டு. அந்த எண்ணெய் உள்ளே போய்க் கறுத்து, கட்டியாகி, கரப்பான் முட்டையும் பல்லிப் பீயும் ஒட்டிப்போய்க் கிடக்கும். அடிப்பலகையைத் திறந்தால் ஊசிப்போன பலகாரத்தின் நாற்றம் முகத்தில் அடிக்கும். அந்த நாற்றம் வந்தால் எனக்குச் சந்தோசம். பிசின் மூடியிருக்கிற இடத்தில் துரு ஏறாது. மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு எடுத்தால் படகு போல இருக்கிற நூல்கூடு பளிச்சென்று வெளியே வரும்.

அந்த நாற்றம் வந்தவுடன்தான் நான் முகத்தைச் சுளித்துச் ‘சீ’ என்று சொல்வேன். உதவாத மெசின் என்றால் சொல்ல மாட்டேன். “நல்ல சாமான், கவனமாய் வைச்சிருங்கோ” என்று புகழ்ந்துவிட்டுச் சைக்கிளில் ஏறிவிடுவேன். நல்லதற்குத்தான் ‘சீ’. அது வியாபாரம். அதில் எனக்கு வெட்கம் இல்லை. விற்கிறவர்களும் சும்மா ஆட்கள் இல்லை. நெல்லியடியில் ஒரு விதவை, நான் ‘சீ’ சொல்லிவிட்டுப் படலை வரை போனதும் கூப்பிட்டாள். “அண்ணை, அவ்வளவு அரியண்டமான சாமானை ஏன் ரெண்டு தரம் திரும்பிப் பாத்தனீங்கள்? எனக்குக் கண் தெரியும்.” அவள் கேட்ட விலைக்குத்தான் வாங்கினேன். இரும்புக்குக் காது இல்லை, விற்கிறவளுக்கு வாய் இருந்தது. அந்த இரண்டும் இருந்தபடியால்தான் அது வியாபாரம்.

உன் அம்மா அந்த முகத்தை வீட்டுக்குள் விடமாட்டாள். “உந்த மூஞ்சையைப் படலைக்கு வெளியிலை கழட்டி வைச்சிட்டு வாங்கோ” என்று சொல்வாள். ஒருநாள் பகிடிக்கு அவளுடைய கத்தரிக்காய்ப் பால்கறியை வாயில் வைத்துவிட்டுச் ‘சீ’ என்றேன். அவள் சோற்றுக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு குசினிக்குப் போய்விட்டாள். நீ அப்போது சின்ன வகுப்பு. அவளுடைய சேலையைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடினாய். “அம்மா, அழாதையுங்கோ. நல்லாயிருக்கு எண்டபடியால்தான் அப்பு சீ எண்டவர்” என்று சொன்னாய். அழுதவள் சிரித்துவிட்டாள். அந்த வயதில் ஒரு பொம்பிளையின் முகம் வாடுவது உனக்குப் பொறுக்கவில்லை. என் ‘சீ’ என்ன சொல்கிறது என்று மற்றவர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும் என்பதும் தெரிந்திருந்தது. பிறகு எங்கே அதைத் தொலைத்தாய் என்று எனக்குத் தெரியவில்லை. பள்ளிக்கூடத்தில் என்றால் நான் கட்டிய காசை யாரிடம் போய்த் திருப்பிக் கேட்பது?

சரி, பெண் பார்க்கப் போன நாளுக்கு வருகிறேன். உன் மாமன் அந்த வீட்டுக்குள் கால் வைத்த நேரத்தில் இருந்தே தொடங்கிவிட்டான். சுவரை விரல் முட்டியால் தட்டிச் சீமெந்தா சுண்ணாம்பா என்று பார்த்தான். கிணற்றுத் தண்ணீரை வாயில் விட்டுக் கொப்பளித்துத் துப்பினான். பெண்ணைப் பார்க்க முதல் கக்கூசைப் போய்ப் பார்த்தான். நான் இருபத்தைந்து வருசம் பழைய இரும்பு வாங்கினவன். ஒரு வீட்டில் போய் இப்படி நடந்திருந்தால் நாயை அவிழ்த்து விட்டிருப்பார்கள். மாப்பிள்ளை வீடு என்றால் கதிரை போட்டுத் தருகிறார்கள்.

பெண்ணின் தகப்பன் மகளைக் கூட்டிவர உள்ளே போனார். நீயும் மாமனும் விறாந்தையில் இருந்தீர்கள். விறாந்தையின் கடைசித் தொங்கலில், உரிக்காத தேங்காய்க் குவியலுக்கு அந்தப் பக்கம், சாக்கால் மூடி ஒரு மெசின் தலை கிடந்தது. என் கால் தானாகப் போய்விட்டது. குந்தியிருந்து சக்கரத்தை அசைத்தேன். துளி அசைந்து நின்றது. சரித்துப் பிடித்து மணந்து பார்த்தேன். ஊசின எண்ணெய் நாற்றம். கை இரண்டும் கறுத்துப் போயிற்று. வீட்டு வாசலில் நிற்கிறவர்களுக்கு என் முதுகு தெரிந்திருக்கும், தேங்காய்க் குவியல் மறைத்தபடியால் மெசின் தெரிந்திராது. நீ கதிரையில் இருந்தபடியே எட்டிப் பார்த்துச் சிரித்துக்கொண்டு கேட்டாய்.

“அப்பு, உது எப்பிடி?”

நானும் பழக்க தோசத்தில் சத்தமாகவே சொன்னேன். “சீ! நாள்பட்டுக் கிடந்து போச்சு. உள்ளுக்கை எல்லாம் பிடிச்சுப் போட்டுது. உதை இனி ஆர் கொண்டு போறது? சும்மா தந்தாலும் எங்கடை வீட்டிலை இடமில்லை.”

பின்னால் கோப்பைகள் ஒன்றோடொன்று முட்டுகிற சத்தம் கேட்டது. திரும்பினேன். தேத்தண்ணீர்த் தட்டத்தோடு பெண் தவமணி நின்றாள், பக்கத்தில் அவளுடைய தகப்பன். அவள் தட்டத்தை நீட்டினாள். என் கை கரியும் பிசினுமாக இருந்தது. கோப்பையைத் தொடாமல், “கிணத்தடி எங்கை?” என்று கேட்டுவிட்டு எழும்பிப் போனேன். கழுவிவிட்டு வந்தபோது அவள் உள்ளே போய்விட்டாள். தகப்பன் எனக்குத் தேத்தண்ணீர் ஊற்றினார், பாதி தட்டத்தில் சிந்தியது. பெண்ணைப் பெற்றவர், பதற்றப்படுகிறார் என்று நினைத்தேன். வயது போய்விட்டது என்று சொல்லி அவளை ஏற்கெனவே ஆட்கள் தட்டிக்கழித்த கதை எனக்கு அப்போது தெரியாது. “நாள்பட்டுக் கிடந்து போச்சு” என்று அந்த வாசலில் நின்று கேட்ட பிள்ளைக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று இப்போது நினைக்கிறேன். நினைத்தால்தான் சோறு இறங்குதில்லை.

எனக்கு முதுகுப் பக்கம் நடந்தது தெரியாது. உனக்கு முன்பக்கம் நடந்தது. அவளுடைய முகத்தை நீ பார்த்தாய். கேள்வி கேட்டவனே நீ. “அப்பு மெசினைச் சொல்லுறார்” என்று ஒரு சொல், அவ்வளவுதான், சொன்னால் எல்லோரும் சிரித்துவிட்டுத் தேத்தண்ணீர் குடித்திருப்போம். நீ வாயைத் திறக்கவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் நீயும் மாமனும் என்னை ஜன்னல் பக்கம் இருத்திவிட்டுப் பின் சீற்றில் குசுகுசுத்தீர்கள். சம்பளக் கதை என்று நினைத்தேன்.

இனி உன் மாமன் வெள்ளிக்கிழமை சொன்னதைக் கேள். அவன் சொன்னபடியே சொல்கிறேன்.

“பெட்டையின்ரை தகப்பன் அடுத்த நாளே தரகரிட்டை ஓடிப்போய் அழுதிருக்கிறார். ‘மாப்பிள்ளையின்ரை தகப்பனுக்குப் பிள்ளையைப் பிடிக்கேல்லை, என்ன செய்தால் மனம் மாறுவார்’ எண்டு. தரகர் என்னட்டைக் கேட்டார். நான் ஒண்டும் சொல்லேல்லை, அத்தான். பொய் சொல்லேல்லை பாருங்கோ. சும்மா இருந்தன். சும்மா இருந்ததுக்குத்தான் காணி!”

“தம்பிக்கு உது தெரியுமோ?”

“அவன்தானே சொன்னவன். ‘மாமா, உதைத் திருத்த வேண்டாம், அப்பிடியே விடுங்கோ’ எண்டு. மருமோன் கெட்டிக்காரன்.”

இந்த இடத்தில் நான் சொன்ன சொல்லை ரீச்சர் எழுதமாட்டாராம். மாமனுக்குச் சொல்லியாயிற்று, அவன் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டுதான் போனான். உனக்கு நேரில் சொல்லுகிறேன்.

எனக்குக் காணியில் கோபம் என்று நினையாதே. சீதனம் வாங்காத மகான் இல்லை நான். உன் அம்மாவும் கொண்டுவந்தாள், கேட்டுத்தான் வாங்கினோம். எனக்கு அரியண்டமாக இருப்பது, பேசாமல் இருந்து வாங்கின அந்தக் கெட்டித்தனம். வாய் திறந்து கேட்டிருந்தால் அந்த மனிதன் இல்லை என்று சொல்லியிருக்கலாம். நெல்லியடி விதவை போல நாலு கதை கேட்டிருக்கலாம். தன் பிள்ளையைப் பிடிக்கவில்லை என்று நினைக்கிற தகப்பன் யாரோடு விலை பேசுவான்? நீ அவருடைய வாயைக் கட்டிப்போட்டுவிட்டு மடியில் கை வைத்தாய். என் வாயால் கட்டினாய். நான் தொழிலுக்கு வைத்திருந்த சொல்லை எடுத்துக்கொண்டு போய் ஒரு பிள்ளையின் முகத்தில் தேய்த்தாய். அவள் இந்த வீட்டுக்கு வந்து எனக்குச் சோறு போடும்போதெல்லாம், இந்தக் கிழவன் என்னைப் பார்த்துச் ‘சீ’ என்றவன் என்று நினைத்துக்கொண்டே போட வேண்டும். அதையும் நீ யோசித்திருப்பாய். யோசித்தும் விட்டிருக்கிறாய்.

திங்கட்கிழமை விடிய நான் பஸ் ஏறிக் கொடிகாமத்துக்குப் போனேன். உன்னிடம் கேட்கவில்லை. என் வாயில் இருந்து விழுந்ததைப் பொறுக்க எனக்கு யாருடைய உத்தரவும் தேவையில்லை. என்னைக் கண்டதும் பெண்ணின் தகப்பன் ஓடிவந்து கதிரையைத் தோள் சால்வையால் துடைத்தார். நான் அதில் இருக்க முதலே கேட்டார்.

“சம்பந்தி, இன்னும் ஏதும் குறையோ? மாங்காணி கொஞ்சம் கிடக்கு. ஆனால் அது ஈடு வைச்சுக் கிடக்கு.”

அந்த மனிதனின் குரலைக் கேட்க எனக்கு உடம்பு கூசியது. இந்த வயதில் என்னைப் பார்த்து ஒருவன் இப்படி நடுங்க நான் என்ன கள்ளனா? “காணியும் வேண்டாம், பூமியும் வேண்டாம். மகளைக் கூப்பிடுங்கோ” என்றேன். தவமணி வந்தாள். கதவுக்குப் பின்னால் தங்கச்சியின் பாவாடை தெரிந்தது. நான் தேங்காய்க் குவியலைச் சுற்றிப் போய் அந்தச் சாக்கை இழுத்தெறிந்தேன்.

“பிள்ளை, அண்டைக்கு நான் சொன்னது உன்னை இல்லை. இந்த மெசினை.”

தகப்பன் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே அழத் தொடங்கிவிட்டார். அவள் அழவில்லை. மெசினைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

“‘சும்மா தந்தாலும் இடமில்லை’ எண்டது உதையோ?”

“ஓம் பிள்ளை. உது நல்ல சாமான். நல்லதுக்குத்தான் நான் சீ சொல்லுறனான். உதவாததெண்டால் புகழ்ந்துபோட்டுப் போயிடுவன். என்ரை தொழில் அப்பிடி.”

“அப்ப என்னைப் பாத்து நீங்கள் ஒண்டும் புகழாதையுங்கோ, மாமா.”

கதவுக்குப் பின்னால் தங்கச்சி சிரித்துவிட்டாள். நானும் சிரித்தேன். அழுதுகொண்டு நின்ற மனிதனும் சால்வைக்குள் சிரித்தார். கொஞ்ச நேரம் அந்த வீட்டில் நல்ல காற்று வந்தது. பிறகு அவள் சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

“அண்டைக்கு ஆரோ ‘உது எப்பிடி’ எண்டு கேட்டது எனக்கும் கேட்டது. கேட்டது ஆர்?”

“மகன்.”

“அப்ப அவருக்குத் தெரியும்.”

அவள் என்னைக் கேட்கவில்லை, தனக்குத்தானே சொன்னாள். நான் பேசாமல் இருந்திருக்கலாம். நீயும் உன் மாமனும் சும்மா இருந்த மாதிரி நானும் சும்மா இருந்தால் உன் கல்யாணம் நடந்திருக்கும். எனக்கு வாய்க்குள் அந்த ஊசின எண்ணெயை ஊற்றினது போல இருந்தது. “ஓம் பிள்ளை, தெரியும்” என்று சொன்னேன்.

தகப்பன் பயந்துவிட்டார். “விடு பிள்ளை. நாள் வைச்சாச்சு. ஊருக்குச் சொல்லியாச்சு. சம்பந்தியே வந்து சொல்லிப்போட்டார், இனி என்ன?”

“ஐயா, நீங்கள் கொஞ்சம் பேசாமல் இருங்கோ” என்றாள். அவள் சத்தம் போடவில்லை. “மாமா வந்தது பெரிய காரியம். ஆனால் மாமாவைக் கட்டப் போறது நான் இல்லை. காணி தங்கச்சியின்ரை, அதை எழுத விடமாட்டன். அவர் வரட்டும். தரகரும் வேண்டாம், அவரின்ரை மாமனும் வேண்டாம். தனிய வந்து, ‘எனக்கு அண்டைக்கே தெரியும், தெரிஞ்சுதான் பேசாமல் இருந்தனான்’ எண்டு ஐயாவுக்கு முன்னாலை சொல்லட்டும். அதுக்குப் பிறகு நான் ஓம் எண்டோ இல்லை எண்டோ சொல்லுறன்.”

“எதைச் சொல்லுவாய், பிள்ளை?” என்று கேட்டேன்.

“அவர் சொல்லுற விதத்தைப் பாத்துத்தான்.”

அதற்கு மேல் நான் கேட்கவில்லை. கேட்க எனக்கு உரிமையும் இல்லை. அவள் தேத்தண்ணீர் கொண்டுவந்தாள், குடித்தேன். அந்த மெசினை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். கொஞ்ச நாள் மண்ணெண்ணெய் விட்டு ஊறப்போடச் சொல்லித் தங்கச்சிக்குக் காட்டிக் கொடுத்தேன்.

கிழவன் போய்ப் பேசின கல்யாணத்தைக் குழப்பிவிட்டான் என்று உன் மாமன் உனக்குத் தந்தி அடித்திருப்பான். அடிக்கட்டும். நான் குழப்பினேனா என்று இதை வாசித்துவிட்டு நீயே சொல். வேறு இடத்தில் பெண் பார்த்துத் தருகிறேன் என்றும் அவன் சொல்வான், பார்த்தும் தருவான். படித்த மாப்பிள்ளைக்கு இந்த ஊரில் வாசல் திறக்கும். நீ அந்த வழியால் போனால் உன் கல்யாணத்தில் தகப்பன் இருக்கிற இடத்தில் மாமனை இருத்து. நான் வரமாட்டேன். வந்தால் சபை நடுவில் முகத்தைச் சுளித்துவிடுவேன். அந்தச் சுளிப்பு தொழிலுக்குச் சுளிக்கிற சுளிப்பாக இருக்காது.

மற்ற வழியால் போனால் அவள் ஓம் சொல்வாள் என்று நான் வாக்குத் தரமாட்டேன். சொல்லாமலும் விடுவாள். அந்தப் பிள்ளையின் முகத்தில் இரண்டும் இருந்தது. அவள் இல்லை என்று சொன்னால் அந்த விறாந்தையில் நின்று கேட்டுக்கொண்டு, அவளுடைய தகப்பனைக் கும்பிட்டுவிட்டு வா. அதற்குப் பிறகு நீ இந்த வீட்டுப் படலையைத் திறக்கலாம். சோறு இருக்கும்.

வருகிற வெள்ளிக்கிழமை இரவு கோட்டை ஸ்ரேசனில் மெயில் வண்டி ஏறு. விடியும்போது கொடிகாமத்தில் நிற்கும். நித்திரையாகி விடாதே. வீட்டுக்கென்று கொக்குவில் வரை வராமல் அங்கே இறங்கு.

அப்பு